சிவப்புச் சாயம் பூசிய திருகு

தாப்பாவில் குரோப்போக் வறுவல் பொட்டலம் வாங்கிக்கொண்டு மலைப் பேருந்தில் ஏறியவர்களுக்கு இது தெரியும். அடிவாரத்தில் தொளதொளவென்று இருந்த பை, வளைவுகள் ஏற ஏற உப்பிக்கொண்டே வரும். தானா ராத்தாவில் இறங்கும்போது தலையணைபோல விறைத்து நிற்கும். அதைத் தட்டி வெடிக்க வைத்து முதுகில் அடி வாங்காதவர்கள் நம் வயதுக்காரர்களில் குறைவு. அந்தப் பை பிறகு ஒருமுறை தேவைப்படும். இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்.

இன்று மேலே போனால் ஸ்ட்ராபெர்ரி பொம்மைகளும் வாகன நெரிசலும்தான். தேயிலையின் வாசனையைக்கூடக் கடையில் பொட்டலம் கட்டி விற்கிறார்கள். எனக்கு அந்த மலை என்றால் முதலில் வருவது அழுகிய முட்டையின் நாற்றம். பத்திரிகை வேலையில் வெள்ளம், விபத்து, பிணவறை எல்லாம் போய்ப் பார்த்திருக்கிறேன். எங்கும் மூக்கைப் பொத்தியதில்லை. முட்டை உடையும் இடத்தில் மட்டும் இன்றும் நிற்க முடியாது.

எங்கள் வீடு தேயிலை ஆலைக்கு மிக அருகில் இருந்த தொழிலாளர் லைனில். அப்பா ஆலையில் பிட்டர். உலர்த்தும் இயந்திரத்தின் பட்டையை மாற்றுவது, குழாய் அடைப்பு எடுப்பது, துரை பங்களாவில் விளக்கு போடுவது எல்லாம் அவர் வேலை. தேயிலைப் பெட்டிகள் உங்களுக்கு நினைவிருக்கும். ஒட்டுப்பலகையில் செய்து, விளிம்பெல்லாம் தகரம் அடித்து, உள்ளே வெள்ளித்தாள் ஒட்டியிருக்கும். மூலை உடைந்த ஒரு பெட்டியை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்து முட்டை பொரிக்கும் பெட்டியாக்கினார். அந்தக் குளிரில் எங்கள் கோழிகள் அடைகாப்பதில் ஆர்வம் காட்டவில்லை. வெள்ளித்தாள் சூட்டை உள்ளேயே பிடித்து வைத்தது. இரண்டு பல்பு, கம்பிவலைத் தட்டு, ஈரத்துக்கு ஒரு பால்டின் தண்ணீர், முன்பக்கம் சின்னக் கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் தெரியும்படி ஒரு வெப்பமானி.

பெட்டியின் மூளை மேல்பக்கம் இருந்தது. தெர்மோஸ்டாட். கைக்கடிகாரத்தைவிடச் சற்றுப் பெரிய பித்தளை வில்லை ஒன்று. மெல்லிய இரண்டு தகடுகளை விளிம்பில் பற்றவைத்து, உள்ளே ஏதோ ஒரு திரவத்தைச் சில சொட்டு அடைத்திருப்பார்கள். சூடு ஏறினால் வில்லை உப்பும். உப்பியதும் ஒரு சுவிட்சை அழுத்தும், பல்பு அணையும். ஆறினால் வில்லை சுருங்கும், பல்பு எரியும். எவ்வளவு உப்பினால் அணைய வேண்டும் என்பதை ஒரு திருகு முடிவு செய்யும். நாள் முழுக்க அடுக்களை மூலையிலிருந்து ‘டக், டக்’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டது அத்தை, அப்பாவின் தங்கை. கோலா தெர்லாவில் வாழ்க்கைப்பட்டவர். இரண்டாவது பிள்ளையும் வயிற்றில் தங்காமல் போனதும், உடம்பு தேறட்டும் என்று மாமியார் அவரை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார். தேறிய பிறகு கூட்டிப்போவதாகப் பேச்சு. எப்போது என்பதை யாரும் சொல்லவில்லை. அத்தை தினமும் முட்டைகளைப் புரட்டிவைப்பார். எது புரட்டியது, எது புரட்டாதது என்று தெரிய ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி. பிரம்புக்கூடையில் குஞ்சுகள் கீச்சிடத் தொடங்கியபோது, மேல்வீட்டுக் கிராணியம்மா, தோட்டக் கணக்கரின் மனைவி, வந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“ஏன்டி, ஒங்கையில உருளக்கெழங்க குடுத்தாக்கூட பொரிக்க வச்சிருவ போல!”

அத்தை வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டது நினைவிருக்கிறது. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்தப் பருவத்தில்தான்.

கிராணியம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றிவரும் லோரிக்காரர்கள் மூலம் சேதி அங்கே போயிற்று. அத்தையின் மாமியாரிடமிருந்து பதில் வந்தது. அடுத்த ஈட்டுக் குஞ்சு முழுக்கத் தன் வீட்டுக்கு வேண்டும், முட்டையைத் தானே அனுப்புவதாக. பொரித்த அன்று மகன் லோரியோடு வருவான், குஞ்சையும் ஏற்றிக்கொண்டு மருமகளையும் ஏற்றிக்கொண்டு வருவான் என்று. அம்மா அதைக் கேட்டு சாமி படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றினார். ஒரு பெண்ணின் வாழ்க்கை கோழிமுட்டையில் வந்து நிற்பதில் யாருக்கும் அருவருப்பு தோன்றவில்லை. எல்லோருக்கும் மகிழ்ச்சிதான்.

அந்த வாரத்தில் பழைய வில்லை கசிந்துவிட்டது. பெட்டியைத் திறந்தால் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசரின் அறையில் வருவதுபோல ஒரு மருந்து நெடி. வில்லை உப்ப மறந்து, பல்புகள் அணையாமல் எரிந்தன. நல்லவேளையாக உள்ளே முட்டை இல்லை. புதிது வாங்க அப்பா ஈப்போவுக்குப் புறப்பட்டார். என்னையும் கூட்டிப்போனார்.

சீனக் கடை முதலாளியான தவுக்கே நிதானமான மனிதர். புதிய தெர்மோஸ்டாட்டைத் தன் கடையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பெட்டியில் பொருத்தி, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்துத் திருகைச் சரிசெய்தார். நூறு டிகிரி பாரன்ஹீட்டில் ‘டக்’ என்று அணைந்தது. திரும்பவும் பார்த்தார். திரும்பவும் நூறு. பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நகச்சாயப் புட்டியை எடுத்து, திருகின் தலையில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தார். அசையாமல் இருக்க.

“ஜாங்கான் புசிங்,” என்றார் மலாயில். பிறகு எனக்காகவோ என்னவோ தமிழில், “திருகாதே-லா பாப்பா. நான் செட் பண்ணது.”

அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். திரும்பும் பேருந்தில் தெர்மோஸ்டாட் அட்டைப்பெட்டி அவர் மடியில். குரோப்போக் பொட்டலம் என் மடியில். வளைவுகளில் எனக்குக் குமட்டியது. வெளியே பார்க்காமல் பையை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். உப்பிக்கொண்டே வந்தது.

பொருத்துவது பெரிய வேலை இல்லை. இரண்டு ஒயர், நான்கு ஆணி. மெயினை அணைத்துவிட்டு, ஒயர்முனையைப் பல்லால் கடித்து உரித்து முறுக்கினார். வில்லை முட்டைகளின் உயரத்துக்கு வரும்படி கம்பியை வளைத்தார். அத்தை டார்ச் பிடித்தார். பல்பு எரிந்தது. சற்று நேரத்தில் ‘டக்’. அம்மா கைதட்டினார். அத்தை குனிந்து கண்ணாடி வழியாக வெப்பமானியைப் பார்த்தார்.

“அண்ணே, தொண்ணூத்தொண்ணுலயே அணையுது.”

“சரியாப் பாரு.”

“நீங்களே பாருங்க.”

அப்பா பார்த்தார். அம்மாவும் பார்த்தார். என்னையும் தூக்கிக் காட்டினார்கள். மெல்லிய வெள்ளிக்கோடு தொண்ணூற்றொன்றில் நின்றது. அங்கே இருந்த நால்வருக்கும் எண் படிக்கத் தெரியும்.

“வெப்பமானி பழசு. கெட்டுப்போயிருக்கும்,” என்றார் அப்பா.

“போன ஈட்டுல இதப் பாத்துத்தானே வச்சோம்?”

“அடி, புதுச் சாமான் பொய் சொல்லுமா? பழசு பொய் சொல்லுமா? தவுக்கே என் கண்ணு முன்னால நூறுல வச்சு, சாயம் பூசிக் குடுத்திருக்கான்.”

அந்தச் சிவப்புப் பொட்டுக்கு அப்பா கொடுத்த மரியாதையை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அது புரியும். மேலிடத்தில் முத்திரை வைத்து வந்ததைக் கீழே இருப்பவன் பிரிக்கக்கூடாது. ஆலையில் இயந்திரங்கள் அப்படித்தான் வந்தன. துரையின் ஆள் வைத்த ஈய முத்திரையைத் தொட்டால் வேலை போகும். இருபது வருடம் அப்படிப் பழகிய கை, தன் சொந்தப் பெட்டியில், தன் சொந்தச் செலவில் வாங்கிய திருகைத் தொட அஞ்சியது. இதுவரை எனக்குப் புரிகிறது. இதற்குமேல் நடந்தது எனக்குப் புரியவில்லை.

மாமியார் அனுப்பிய முட்டைகளை அப்படியே பெட்டியில் அடுக்கினார்கள். நாட்கள் போயின. அத்தை மறுபடி மறுபடி சொன்னார். “முட்டை சில்லுன்னு இருக்கு அண்ணே.” அப்பா ஒருநாள் சோற்றுத்தட்டிலிருந்து நிமிர்ந்து, “ஒங்கையே சில்லு. அதான் ஒனக்கு எல்லாம் சில்லுன்னு இருக்கு,” என்றார். அம்மா சிரித்தார். அத்தையும் சிரித்தார். அதன் பிறகு அவர் சொல்வதை நிறுத்திவிட்டார். முட்டைகளைப் புரட்டும்முன் கைகளை அடுப்பருகே காட்டிச் சூடேற்றிக்கொள்வதைப் பார்த்தேன்.

நாற்றம் மெதுவாக வந்தது. முதலில் எலி எங்கோ செத்திருப்பதாக நினைத்து அம்மா விறகுக்கட்டையை எல்லாம் நகர்த்திப் பார்த்தார். பிறகு சில முட்டைகளின் ஓட்டில் வியர்வைபோலப் பழுப்பு முத்துகள். விரலில் தொட்டால் பிசுபிசுக்கும். ஈக்கள் கண்ணாடியில் உட்கார்ந்து உள்ளே பார்த்தன. அப்பா பார்த்துவிட்டு, “நாலஞ்சு கூமுட்ட இருக்கத்தான் செய்யும்,” என்றார். அவற்றை எடுத்துப் போடக்கூடச் சொல்லவில்லை. சோறு வாயில் வைத்தால் அந்த நாற்றம் சோற்றிலும் இருந்தது. நான் வெளியே படியில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இருபத்தோராம் நாள் லோரி வந்து நின்றது. மகனோடு மாமியாரும் இறங்கினார். நல்ல நாள் என்பதால் பட்டுப்புடவை. பின்னால் முட்டைக்கோசு ஏற்றிய இடம் போக ஒரு மூலையைக் காலி செய்து, குஞ்சுகளுக்கு வைக்கோல் பரப்பியிருந்தார்கள். அத்தை தன் துணிகளை மூட்டை கட்டி வாசலில் வைத்திருந்தார். தலைநிறையப் பூ. கிராணியம்மாவும் வந்து நின்றுகொண்டார்.

பெட்டியிலிருந்து கீச்சென்று ஒரு சத்தமும் வரவில்லை. “நேரம் இருக்கு, நேரம் இருக்கு,” என்றார் அப்பா. மாமியாருக்குப் பொறுமை இல்லை. மூடியைத் தானே தூக்கினார். குனிந்து, “என்னா நாத்தம் இது,” என்று சொல்லிக்கொண்டே ஒரு முட்டையை எடுத்தார்.

அது அவர் கையில் வெடித்தது.

வெடித்தது என்று மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பட்டாசு மாதிரி ஒரு சத்தம். சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் ஒரு குழம்பு அவர் முந்தானையிலும் கழுத்திலும் தெறித்தது. அதிர்ச்சியில் அவர் பெட்டியைத் தள்ள, தட்டு சரிந்து இன்னும் சில உடைந்தன. ஒன்றில் பாதி வளர்ந்த குஞ்சு, ஈரமான சில மயிர்களோடு, மூடிய பெரிய கண்களோடு, சிமெண்டுத் தரையில் வழுக்கி வந்து என் காலருகே நின்றது. நான் வாந்தி எடுத்தேன். அத்தையின் புருஷனான மாமா வாசலுக்கு ஓடிவிட்டார்.

அத்தை தண்ணீர்ச்செம்போடு மாமியாரிடம் ஓடினார். மாமியார் பின்வாங்கினார்.

“கிட்ட வராத. அந்தக் கையால என்னத் தொடாத!”

“அத்த, நான் ஒண்ணும்…”

“வயித்துல வச்சதும் அழுகுது. பொட்டியில வச்சதும் அழுகுது. இன்னும் என்னத்தடி ஒங்கையில குடுக்கறது?”

இதைச் சொன்னவரைவிட, இதைக் கேட்டுக்கொண்டு நின்றவர்களைத்தான் நான் இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்பா பெட்டியின் ஒயரைப் பிடுங்குவதில் மும்முரமாக இருந்தார். அம்மா தரையில் மஞ்சள்தண்ணீர் தெளித்தார். கிராணியம்மா மூக்கை மூடியபடி ஒன்றுவிடாமல் பார்த்தார். கட்டிய புருஷன் லோரிச் சக்கரத்தைக் காலால் தட்டிக் காற்று பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் குழாயடியில் கழுவிக்கொண்டு ஏறி உட்கார்ந்ததும் வண்டியைக் கிளப்பினார். வாசலில் இருந்த மூட்டையைச் சுற்றிக்கொண்டு லோரி போயிற்று.

அப்பா முட்டைகளைத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே புதைத்தார். ஆழமாகத் தோண்டவில்லை. நாய்கள் கிளறி எடுத்து லைன் முழுக்க இழுத்துப் போட்டன. அண்டை வீட்டார் எங்கள் வாசலைக் கடக்கும்போது துப்பினார்கள். அத்தை சாம்பலாலும் துணிச்சோப்பாலும் கைகளைத் தேய்த்துத் தேய்த்து விரலிடுக்கெல்லாம் வெடித்துப்போனது. “கொஞ்ச நாளைக்கு நீ அடுப்பங்கரைக்கு வராத தங்கச்சி,” என்று அம்மா மெதுவான குரலில்தான் சொன்னார். அந்த மெதுவான குரல் இன்னும் கேட்கிறது. சில வாரங்களில் கிள்ளானில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று தூரத்து உறவு ஒன்று சொல்ல, அப்பா அத்தையை அதே பேருந்தில் ஏற்றி அனுப்பிவிட்டார். கோலா தெர்லாவில் மாமாவுக்கு வேறு பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

அதன் பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தது. டிரசர் வீட்டுக்கு வந்து என் வாயில் தன் வெப்பமானியை வைத்துப் பார்த்துவிட்டுத் தேநீருக்கு உட்கார்ந்தார். அப்பா ஏதோ தோன்றி, “இது ஒழுங்கா காட்டுதான்னு பாருங்கய்யா,” என்று பெட்டியின் வெப்பமானியைக் கொண்டுவந்தார். ஒரு குவளை இளஞ்சூட்டு வெந்நீரில் இரண்டையும் சேர்த்து வைத்தார்கள். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின.

“நல்ல வெப்பமானிப்பா. எங்க வாங்குன?” என்றார் டிரசர்.

அப்பா குவளைத் தண்ணீரை வெளியே கொட்டினார். டிரசர் போனதும் பேனாக்கத்தியால் அந்தச் சிவப்புச் சாயத்தைச் சுரண்டினார். திருகைச் சிறிது தளர்த்தினார். பல்பை எரியவிட்டுக் காத்திருந்தார். மறுபடி தளர்த்தினார். வெள்ளிக்கோடு நூறில் நின்றபோது ‘டக்’. நான் பாயில் போர்த்திப் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா கேட்டார். “அப்ப… தங்கச்சி மேல தப்பில்லையா?”

“போனவ போயிட்டா. இப்பக் கெளறுனா யாரு மொகத்துல நாறும்? எம்மொகத்துலதான்.”

“அவங்க வீட்டுக்காச்சும் ஒரு வார்த்த…”

“பேசாம இரு.”

அம்மா டிரசர் குடித்த தேநீர்க் கோப்பையைக் கழுவ எடுத்துப்போனார்.

அடுத்த ஈடு பொரித்தது. பெட்டி கொள்ளாத குஞ்சுகள், மஞ்சளும் கறுப்புமாக. கிராணியம்மா வந்து கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். “பாத்தீங்களா? அந்தக் கை வீட்டவிட்டுப் போச்சு, பெட்டி தொறந்துகிச்சு.”

அப்பா சிரித்தார். “இருக்கலாம்மா. யாரு கண்டா.”

சேதி வழக்கமான லோரியில் கோலா தெர்லாவுக்குப் போனது. மாமியார் ஆள் அனுப்பினார். அப்பா சண்டை வேண்டாமென்று அந்தக் குஞ்சுகளில் பாதியைக் கூடையில் போட்டு, மேலே ஈரத்துணி மூடிக் கொடுத்தனுப்பினார். புது மருமகளுக்கு என்று.

ஏன் ஈப்போவில் நூறில் நின்றது மேலே வந்ததும் தொண்ணூற்றொன்றில் நின்றது என்று பிற்காலத்தில் நான் ஒரு குஞ்சுப் பண்ணைக்காரரிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மலையில காத்து அழுத்தம் கம்மி-லா. வில்லை சீக்கிரம் உப்பிரும். பெட்டி எங்க ஓடுதோ அங்கதான் செட் பண்ணணும்.” உப்பிய குரோப்போக் பை என் மடியில் இருந்தது. உப்பிய வில்லை அப்பா மடியில் இருந்தது. தவுக்கேயும் தவறு செய்யவில்லை. அவர் கடை இருந்த இடத்துக்கு அது சரி. யாருக்கும் தெரியாததற்காக யாரையும் நான் குறை சொல்வதில்லை. தெரிந்த பிறகு அப்பா சிரித்த சிரிப்புதான் தொண்டையில் நிற்கிறது.

அத்தை வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தொழிற்சாலையில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தார். அப்பா வருடம் தவறாமல் தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போய்வந்தார். சேலை எடுத்துக் கொடுப்பார். எப்போதோ சொல்லியிருப்பார், அவர்களுக்குள் தீர்ந்திருக்கும் என்றே நான் நினைத்திருந்தேன்.

போன மாதம் அத்தையைப் பார்க்கக் கிள்ளான் போனேன். எனக்குத் தோசை வார்க்கிறேன் என்றார். முட்டைத்தோசை வேண்டுமா என்று கேட்டுவிட்டு, நான் வேண்டாம் என்பதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டார். அந்தப் பெண் வந்து, பழகிய வேலைபோல ஒரு கிண்ணத்தில் முட்டையை உடைத்து வைத்துவிட்டுப் போனாள்.

“கை வலியா அத்தை?”

“இல்ல பாப்பா. முட்டைய நான் தொடறதில்ல. ஒனக்குத்தான் தெரியுமே.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெந்நீர்க் குவளை, இரண்டு வெப்பமானிகள், பேனாக்கத்தி, அம்மாவின் கேள்வி, அப்பாவின் பதில் என்று நடந்ததை வரிசையாகச் சொன்னேன். செய்தி வாசிப்பதுபோலத்தான் சொன்னேன். வேறு மாதிரிச் சொல்ல எனக்கு வராது. அத்தை அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையுறை மருந்தில் ஊறி ஊறி ரேகை தேய்ந்துபோன கைகள்.

“எங்கண்ணனுக்குத் தெரியுமா?”

“அவர்தான் திருகைத் தளர்த்தினார்.”

 அத்தை என்னைப் பார்க்காமல் பேசினார்.

“சாகக் கெடக்கறப்ப, தங்கச்சிதான் பாலு ஊத்தணும்னு என்னக் கேட்டு விட்டாரு. அவ்வளவு தூரம் பஸ்ஸு ஏறி வந்தேன். இந்தக் கை வேணாம் அண்ணே, அண்ணி ஊத்தட்டும்னு சொன்னேன். நீ இன்னும் வந்து சேரல, மத்த எல்லாரும் நின்னாங்க. அவருக்கு நெனவு இருந்துச்சு பாப்பா, பேச்சும் இருந்துச்சு. நான் சொன்னது காதுல விழுந்துச்சு. என்னையே பாத்தாரு.”

கிண்ணத்தில் முட்டை மஞ்சளாகக் கிடந்தது. அத்தை அதைத் தூரமாகத் தள்ளி வைத்தார்.

“வாயத் தொறந்தாரு. பாலுக்கு.”